கம்ப்யூட்டர் மணி தப்பாக ஓடினால்: எங்கே தொடங்கி எந்த வரிசையில் சரிசெய்வது

கடையிலோ ஆபீஸிலோ கம்ப்யூட்டர் மணி தப்பாக இருந்தால், முதல் காரியமாகத் திரையின் மூலையில் தெரியும் மணியை எல்லோரும் கையால் மாற்றுவார்கள். மறுநாள் காலை அது பழையபடி தப்பாகிவிடும். பிழை இருந்தது அதற்கும் கீழே. போர்டில் உள்ள பட்டன் செல் (சின்ன பேட்டரி), போர்டில் உள்ள கடிகாரம், டைம் ஜோன், நெட்டிலிருந்து நேரம் வாங்குவது: அடியிலிருந்து மேலே இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

தானாக நேரம் வாங்கும் செட்டிங் போட்ட, நொடி தெரியும் ஒரு மொபைல். டிசி 20 வோல்ட் அளவுள்ள சாதாரண மல்டிமீட்டர். புதிய சிஆர்2032 பட்டன் செல் ஒன்று. அட்மின் பாஸ்வேர்டு. ரூட்டரின் பாஸ்வேர்டு.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயும் கையில் இருக்க வேண்டும். செல்லைக் கழற்றும்போது பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் நிரல்) செட்டிங் மாறிவிட்டால், மெஷின் திறக்கும்போதே அந்தக் கீயைக் கேட்கலாம். அப்போது போய்த் தேடினால் அன்றைய வியாபாரம் கெட்டது.

வேலையைக் கடை மூடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது மணி பின்னால் போனால், பிறகு போட்ட பில்லுக்கு முந்தைய நேரம் விழும். கணக்கில் அந்தக் குழப்பம் மாதக் கடைசிவரை துரத்தும்.

2. கை வைக்கும் முன் பிழையின் அளவை எழுதுங்கள்

மொபைலையும் திரையையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எத்தனை மணி, நிமிடம், நொடி, முந்தியா பிந்தியா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கோளாறு எங்கே என்று பாதிக்கு மேல் சொல்லிவிடுவது இந்த எண்தான்.

சரியாக ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்றால், யாரோ ஒருவர் இந்திய நேரத்தையும் இன்னொருவர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும் இடங்களில் இதுதான் வழக்கம். 6ஆம் படியில் வருகிறது.

காமிரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் சரியாக இரண்டரை மணி நேரம் முந்தி ஓடினால், அது இன்னும் சீன நேரமான +8:00இலேயே இருக்கிறது. பன்னிரண்டரையோ பதிமூன்றரையோ மணி நேரம் பிந்தி ஓடும் புது விண்டோஸ், அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் இருக்கிறது. கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் மற்றது. சரியாக 15 நிமிடம் முந்தினால், பட்டியலில் சென்னைக்குப் பதில் காத்மாண்டுவைத் தட்டிவிட்டார்கள். சரியாக ஒரு மணி நேரம் என்றால் கோடைகால நேர மாற்றம் ஆன் ஆகியிருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. பன்னிரண்டு மணி என்றால் காலை மாலை குழப்பம்.

முழு எண்ணாக வராமல் சில நொடி, சில நிமிடம் என்று இருந்தால் கடிகாரம் மெல்ல விலகியிருக்கிறது, அவ்வளவுதான். வருடமே மாறிப் பழைய தேதி காட்டினால் செல் போய்விட்டது.

3. உள்ளே இருப்பது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு

மதர்போர்டில் ஆர்டிசி என்ற சின்னக் கடிகாரம் இருக்கிறது. மெஷின் அணைந்திருக்கும்போது பட்டன் செல்லில் ஓடுவது இது. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டுதான் இதன் இதயம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு நொடி.

மெஷின் ஆன் ஆகும்போது ஓஎஸ் (விண்டோஸோ லினக்ஸோ) இந்தக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு பிராசஸர் பக்கத்து வேகமான கிரிஸ்டலை வைத்துத் தானே எண்ண ஆரம்பித்துவிடும். திரையில் தெரிவது இந்த இரண்டாவது கடிகாரம். வேலை நேரம் முழுக்கச் சரியாக இருந்து, காலையில் திறந்ததும் தப்பாகக் காட்டுகிறதா? அப்படியென்றால் கோளாறு ஆர்டிசி பக்கம்.

சாதாரண கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை சகஜம். ஒரு நாளைக்கு 86,400 நொடி என்பதால் அது நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி அளவுக்கு வரும். போதாததற்குச் சென்னை வெயில். இந்த 32,768 கிரிஸ்டல்கள் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். சூடு கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். ஷீட் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால், அந்தச் சூட்டால் மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 1.2 நொடி பிந்தும். வருகைப் பதிவுக் கருவி வருடத்துக்கு ஏழெட்டு நிமிடம் பின்தங்குவது இப்படித்தான். அதைப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது வீண்.

4. செல்லை அளந்து பாருங்கள்

புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சும்மா அளக்கும்போது நல்ல அளவு காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும் செல்களும் உண்டு. தேதி ஒருமுறை பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றுவதே மேல்.

பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, மெஷின் அணைந்திருந்தாலும், ஆர்டிசி செல்லைத் தொடாது. பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே ஓடும். இரவில் கடையின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகும் பழக்கம் இங்கே நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் செல்தான் தாங்குகிறது. ஒரே வருடம் வாங்கிய இரண்டு மெஷினில் கடை மெஷினின் செல் முதலில் தீர்வது இதனால்தான். மெயினை ஆன் செய்தே வைக்கச் சொல்லவில்லை. செல்லை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுங்கள். பூட் வரிசையும் ஹார்ட் டிஸ்க் எந்த மோடில் இருக்கிறது என்பதும் முக்கியம். மோடு மாறிவிட்டால் விண்டோஸ் திறக்காது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கிளிப்பைத் தள்ளினால் செல் எழும்பும். பிளஸ் குறி மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். பிடிப்பில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

லேப்டாப்பில் செல் ஒயரோடு உறைக்குள் இருக்கலாம். சிலவற்றில் தனி செல்லே இல்லாமல் பெரிய பேட்டரியே அந்த வேலையைப் பார்க்கும். திறக்கும் முன் மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஸ்ப்பெரி பை மாதிரி போர்டுகளுக்காக ரிச்சி தெருவில் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீல நிறத்தில் பரவலாகக் கிடைக்கும் மாட்யூலில் செல்லைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட் ஒன்று இருக்கிறது. சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 செல்லுக்காக வைத்தது அது. அங்கே சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பும், வெடிக்கவும் கூடும். ஒன்று எல்ஐஆர் செல் போடுங்கள், இல்லையென்றால் அந்த சார்ஜ் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.

5. பயாஸில் தேதியைக் கையால் வையுங்கள்

நெட் வந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று இந்தப் படியை விட்டுவிட்டால் அடுத்த படிகளும் ஓடாது.

தேதி பல வருடம் பின்னால் இருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடி ஆகாதவை என்று பிரவுசர் நினைக்கும். எந்தப் பக்கமும் திறக்காது. நெட் போய்விட்டது என்று கம்பெனிக்குப் போன் அடிப்பார்கள்; நெட்டில் ஒரு குறையும் இருக்காது.

இரண்டாவது காரணம் விண்டோஸ் போட்டிருக்கும் வரம்பு. தனியாக இயங்கும் விண்டோஸ் மெஷினில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், மாற்றம் மிகப் பெரியது என்று சொல்லி நேரச் சேவை திருத்த மறுத்துவிடும். கெட்டுப்போன சர்வர் ஒன்று தப்பான தேதி கொடுத்தால் அதை நம்பிவிடக் கூடாது என்ற முன்யோசனை. கையால் சில நிமிட வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் மட்டும் உள்ள மெஷின் என்றால் பயாஸில் நம் ஊர் நேரம். லினக்ஸ் மட்டும் என்றால் யூடிசி, அதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணி குறைத்து. மாலை 4:00 என்றால் 10:30 என்று வையுங்கள்.

6. டைம் ஜோன், பிறகு மணி

டைம் ஜோனைச் சரிபார்க்காமல் மணியை மாற்றுவது பெரிய பிழை. ஜோன் தப்பாக இருக்கும்போது மணியைச் சரியாகத் தெரியும்படி வைத்தால், உள்ளே உள்ள யூடிசி நேரம் தப்பாகிவிடும். அடுத்து நெட்டிலிருந்து நேரம் வந்ததும் திரை மறுபடி மாறும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போய், +05:30 என்று தொடங்கிச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று நான்கு ஊர் பெயரும் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். அதே +05:30இல் இலங்கைக்குத் தனி வரி உண்டு. மணி ஒன்றுதான் என்றாலும் அதை எடுக்காதீர்கள். ஜோனைத் தானாக அமைக்கும் சுவிட்சை மேசை கம்ப்யூட்டரில் அணைத்துவிடலாம். அது எங்கும் பயணம் போகப் போவதில்லை. லினக்ஸில் ஏசியா, கொல்கத்தா. சென்னை என்று தேடினால் கிடைக்காது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் இருந்தால், ஆர்டிசியில் இருப்பது நம் ஊர் நேரம் என்று ஒன்றும், யூடிசி என்று மற்றதும் எடுத்துக்கொள்ளும். மாறி மாறித் திறக்கும்போது ஐந்தரை மணி நேரம் அடிபடும். விண்டோஸையே யூடிசிக்குப் பழக்குவது நல்லது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டைம் ஜோன் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் ரியல் டைம் இஸ் யூனிவர்சல் என்ற பெயரை இடைவெளி விடாமல் சேர்த்து எழுதி, மதிப்பை 1 என்று வையுங்கள். லினக்ஸை நம் ஊர் நேரத்துக்கு மாற்றவும் வழி உண்டு, ஆனால் லினக்ஸே அதை எச்சரித்துத்தான் செய்யும்.

7. நெட்டிலிருந்து நேரம் வாங்குவது

இந்த வேலைக்கான முறை என்டிபி. மெஷின் ஒரு கேள்வி அனுப்பும், சர்வர் பதில் தரும். கேள்வி புறப்பட்டது, சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, பதில் கிளம்பியது, திரும்பி வந்தது என்று நான்கு நேரங்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து வழியில் ஆன தாமதத்தைக் கழித்து, தன் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மெஷின் கணக்குப் போடும். இது யூடிபி 123 வழியாகப் போகும். ஃபயர்வாலில் வெளியே போகும் பக்கம் அது திறந்திருக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். உங்கள் மெஷினை வைத்து அடுத்தவனைத் தாக்குவார்கள்.

எந்த சர்வர்? கம்பெனிகள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகளுக்கு இதில் விதியே இருக்கிறது. அரசின் தகவல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல் நடத்தும் சர்வர்களோடு, அல்லது அவற்றின் வழியில் நேரம் வாங்கும் சர்வர்களோடு, கடிகாரங்களை இணைக்க வேண்டும் என்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. என்ஐசி சர்வர்களின் பெயர் சமய்1, சமய்2 என்று தொடங்கும்.

லினக்ஸில் நேரம் வாங்கும் குரோனி போன்ற நிரலில் நான்கு சர்வர் போடுங்கள். ஒன்று இருந்தால் அது சொல்வதே வேதம். இரண்டு இருந்து முரண்பட்டால் யார் சொல்வது பொய் என்று தெரியாது. ஒன்றை விட மோசம். மூன்று இருந்தால் பெரும்பான்மை பார்க்கலாம், நான்காவது அதில் ஒன்று படுத்துவிட்டால் ஈடுகொடுக்க. கூகுளின் சர்வர்களை மற்றவற்றோடு கலக்காதீர்கள். பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட எப்போதாவது சேர்க்கும் லீப் நொடி வரும்போது கூகுள் அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பிக் கரைக்கும், மற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே அடியில் சேர்ப்பார்கள். அன்று முழுக்க இரு தரப்பும் ஒத்துப்போகாது.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பழைய டேட் அண்ட் டைம் ஜன்னலில் இன்டர்நெட் டைம் என்ற பக்கம் இருக்கிறது. அங்கே சர்வர் பெயரைக் கையால் எழுதலாம். பழைய பதிப்புகள் வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கும் என்பது நினைவிருக்கட்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்குள் நிரலாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் என்றால், அதைச் சுமக்கும் ஹோஸ்ட்டிடமிருந்து நேரம் வாங்குவது, என்டிபி இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டும் ஓடினால் ஒன்று திருத்துவதை மற்றது இழுக்கும்.

8. பிடித்துவிட்டதா என்று பார்ப்பது

மணி சரியாகத் தெரிவது அத்தாட்சி ஆகாது. இப்போதுதானே கையால் வைத்தீர்கள்.

விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளையால் ஸ்டேட்டஸ் கேளுங்கள். சோர்ஸ் என்ற வரியில் சர்வர் பெயர் இருக்க வேண்டும். லோக்கல் சிமாஸ் கிளாக் என்று வந்தால் மெஷின் இன்னும் தன் கடிகாரத்தையே நம்பி ஓடுகிறது.

லினக்ஸில் குரோனியின் சோர்சஸ் பட்டியலைப் பாருங்கள். நட்சத்திரக் குறி உள்ளதுதான் தேர்ந்தெடுத்த சர்வர்; கேள்விக்குறி என்றால் இன்னும் ஏற்கத் தகுந்த பதில் வரவில்லை; எக்ஸ் போல் குறி இருந்தால் பொய் சொல்கிறது என்று ஒதுக்கியிருக்கிறது. ரீச் என்ற இடத்தில் 377 வந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தது என்று பொருள். அது சதவீதம் இல்லை, எட்டடிமான எண். 377ஐத் தொடாமல் அலைந்தால் ரூட்டரையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

மணி உடனே நேராகாமல் மெல்ல நகர்ந்தால் பயப்பட வேண்டாம். சின்ன வித்தியாசத்தை ஒரே தாவலில் மாற்றாமல், கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிப்படுத்துவார்கள். பழைய என்டிபிடி நிரலின் உச்ச வேகத்தில் ஒரு நொடியைச் சரிப்படுத்த 2,000 நொடி, அதாவது 33 நிமிடம் ஆகும். தாவினால், குறிப்பாகப் பின்னால் தாவினால், டேட்டாபேஸ் குழம்பும்.

9. டிவிஆரும் வருகைக் கருவியும்

கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டு இவற்றை மறந்துவிடுவார்கள். டிவிஆரில் முதலில் ஜோனை +5:30 ஆக்கி, கோடைகால நேரத்தை அணைத்து, பிறகு என்டிபி போடுங்கள். சர்வர் பெயர் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி காலியாக இருக்கும்.

மணியைப் பின்னால் நகர்த்தும் முன் தேவையான வீடியோவை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் வந்தால் தேடும்போது ஒன்று அகப்படாமல் போகலாம். காமிரா பதிவைப் போலீஸுக்குக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், 2ஆம் படியில் எழுதிய வித்தியாசத்தையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். திருத்திய பிறகு அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பத்துக் கருவிக்கு மேல் இருந்தால் ஒரு லினக்ஸ் மெஷினோ ரூட்டரோ மட்டும் வெளியே கேட்கட்டும். மற்றவை எல்லாம் அதைக் கேட்கட்டும். நெட் போனாலும் ஆபீஸுக்குள் எல்லாம் ஒரே நேரம் காட்டும். விசாரணை என்று வரும்போது, மணி சரியா என்பதைவிட எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்பதே பல நேரம் பெரிதாகிறது.

10. எவ்வளவு துல்லியம் கேட்கலாம்

போகும் வழியும் வரும் வழியும் சமம் என்ற நம்பிக்கையில்தான் என்டிபி கணக்குப் போடுகிறது. போய்வர 40 மில்லி நொடி ஆனால், வழிகள் சமமில்லாதபோது பிழை 20 மில்லி நொடிவரை போகலாம், அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பில்லுக்கும் காமிராவுக்கும் இது தாராளம். முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி ஆப்புக்கும், ஐந்து நிமிடம்வரை பொறுக்கும் விண்டோஸ் டொமைன் லாகினுக்கும் தாராளம். மைக்ரோ நொடி வேண்டுமென்றால் ஜிபிஎஸ் ஆன்டெனா வைக்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு: ஒரு வேலை எத்தனை நொடி எடுத்தது என்று அளக்கச் சுவர்க் கடிகாரத்தைக் கழிக்காதீர்கள், நடுவில் என்டிபி திருத்தினால் மைனஸில் வரும். பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரம் அதற்கென்றே இருக்கிறது. நேரத்தைச் சேமிக்கும்போது ஐஎஸ்டி என்று எழுதாமல் +05:30 என்று எழுதுங்கள். அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன.

11. 2038ஐ இப்போதே சோதியுங்கள்

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் கணக்கு 2,14,74,83,647இல் நிரம்பிவிடும். நம் நேரத்தில் அது 2038 ஜனவரி 19 காலை 8:44:07. இருபது வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணைத் தேதி ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது. மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகைக்கும் அதே எல்லைதான்.

ஓடும் மெஷினின் தேதியை முன்னால் தள்ளிச் சோதிக்காதீர்கள். லைசன்ஸ் காலாவதியாகும், சான்றிதழ் செத்துப்போகும், சில நிரல்கள் பிறகு பின்னால் வர மறுக்கும். சும்மா இருக்கும் ஒரு மெஷினில், தேதி கேட்கும் ஒவ்வொரு கட்டத்திலும் 20-01-2038 என்று போட்டுச் சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள்.

நிரம்பி வழியும் நிரல் அடுத்த நொடி 1901க்குப் போய்விடும். +5:30ஐ நேராகக் கூட்டும் கருவி டிசம்பர் 14 அதிகாலை 2:15:52 என்று காட்டும். ஏசியா, கொல்கத்தா ஜோனை முறையாகப் பார்க்கும் லினக்ஸ் அதே இடத்தில் 2:07:02 என்று காட்டும். 8 நிமிடம் 50 நொடி குறைவதைப் பார்த்து நிரலில் வேறு பிழை தேட வேண்டாம். 1906க்கு முன்னால் அந்த ஜோனின் பட்டியலில் இருப்பது மெட்ராஸ் நேரம், +5:21:10.